பெரிய கோப்பில் ஸ்க்ரோல் திணறினால்: விம்மா, நியோவிம்மா, வி.எஸ். கோடா?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து என்னிடம் சி மொழி படிக்க வரும் பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் கைமாறி வந்த லேப்டாப்தான். 4 ஜிபி ராம், பழைய பிராசஸர். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் மொத்த நிரலும் ஒன்றாகச் சேர்த்த ஒரே சி கோப்பை அதில் திறப்பார்கள். இரண்டு லட்சம் வரிக்கு மேல். கீழே உருட்டினால் திரை விட்டுவிட்டு நகரும். உடனே "அண்ணா, வேற எடிட்டர் போட்டுடவா?" என்பார்கள். விம், நியோவிம், வி.எஸ். கோடு எல்லாம் நிரல் எழுதும் எடிட்டர்கள்தான். எந்த வேலை நேரத்தைத் தின்கிறது என்று தெரியாமல் எடிட்டரை மாற்றக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில், நிரலின் சொற்களை வகைக்கு ஒரு நிறத்தில் காட்டும் வண்ணத்தை அணைத்துவிட்டு உருட்டிப் பாருங்கள். விம்மில் 'சின்டாக்ஸ் ஆஃப்' போதும். சரளமாகப் போனால் காரணம் வண்ணம் தீட்டுவதுதான். அப்போதும் திணறினால் வரி எண், ப்ளகின், டெர்மினல் என்று தேட வேண்டும்.

விம் ரெஜெக்ஸ், அதாவது எழுத்து அமைப்பைத் தேடும் சூத்திரம், வைத்து வண்ணம் தீட்டுகிறது. எந்த ரெஜெக்ஸ் இழுக்கிறது என்பதை அதுவே சொல்லும்: 'சின்டைம் ஆன்' கொடுத்துக் கொஞ்சம் உருட்டிவிட்டு 'சின்டைம் ரிப்போர்ட்' பாருங்கள். இப்படி ஒரு வசதி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அப்புறம் ரெஜெக்ஸ் எஞ்சினை மாற்றிப் பார்க்கலாம். 2013-இல் வந்த 7.4 பதிப்பிலிருந்து விம்மில் இரண்டு எஞ்சின்கள் இருக்கின்றன. 'ரெஜெக்ஸ்ப்எஞ்சின்' மதிப்பை 1 ஆக்கினால் பழையது ஓடும். சில மொழிகளில் அது வேகம், சிலவற்றில் மோசம். உங்கள் கோப்பில் சோதிக்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கர்சரிலிருந்து வரிகளை எண்ணிக் காட்டும் 'ரிலேட்டிவ்நம்பர்', கர்சர் நிற்கும் வரியைத் தனித்துக் காட்டும் 'கர்சர்லைன்' இரண்டும் கர்சர் நகரும்போதெல்லாம் திரையைத் திரும்ப வரைய வைக்கும். வரிகளை மடித்து வைக்கும் முறையான 'ஃபோல்ட்மெத்தட்' சின்டாக்ஸில் இருந்தால் அதை மேனுவலுக்கு மாற்றுங்கள்.

கோப்பின் கடைசிக்குத் தாவும்போது மட்டும் நின்றால், வண்ணக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லும் 'சின்க்' அதைக் கோப்பின் தொடக்கத்திலிருந்து செய்யச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சில நூறு வரி பின்னோக்கிப் பார்த்தால் போதும் என்று வைத்தால் சட்டென்று வரும். அதற்கு விலை, நீண்ட கமென்ட் நடுவே போய் நின்றால் வண்ணம் தப்பாகத் தெரியலாம். எனக்கு அது சம்மதம்.

நியோவிம்மில், நிரலின் இலக்கணத்தை அலசும் ட்ரீ-சிட்டர் வழி இருக்கிறது. கோப்பு முழுவதையும் ஒருமுறை அலசி மரமாக வைத்துக்கொண்டு, நீங்கள் திருத்தும் இடத்தை மட்டும் புதுப்பிக்கும். வண்ணமும் சரியாக விழும். ஆனால் முதல் அலசலுக்கு நேரமும், மரத்தை வைக்க ராமும் வேண்டும். 8 ஜிபி இருந்தால் என் ஓட்டு இதற்கே.

வி.எஸ். கோடு உருட்டுவதில் நன்றாகவே இருக்கும்; திரையில் தெரியும் வரிகளை மட்டும்தான் அது வரைகிறது. வண்ணம்தான் பின்தங்கும். ஒரு வரிக்கு வண்ணம் தெரிய அதற்கு முந்தைய வரி முடிந்திருக்க வேண்டும். பேசின் பிரிட்ஜில் முன்னால் நிற்கும் ரயில் நகராமல் பின்னால் வருவது சென்ட்ரல் போக முடியாதே, அப்படி. கோப்பு 20 எம்பியையோ மூன்று லட்சம் வரியையோ தாண்டினால் அது வண்ணத்தைத் தானே அணைத்துவிடும். எஸ்க்யூலைட் கோப்பு அந்த எல்லைக்குள் இருப்பதால் முழு வேலையும் நடக்கும். ஓரத்தில் கோப்பைச் சுருக்கிக் காட்டும் மினிமேப்பை அணைப்பது கொஞ்சம் உதவும். ஆனால் பிரவுசர் ஒன்றையே உள்ளடக்கிய எலக்ட்ரானின் மேல் ஓடும் இது, பக்கத்தில் பிரவுசரும் திறந்திருக்கும் 4 ஜிபி லேப்டாப்பில் எல்லாவற்றையும் சேர்த்து மெதுவாக்கிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது திருத்தி வைத்த விம்தான்.

ஈமேக்ஸ் என்ற எடிட்டரை வைத்திருப்பவர்கள் 29-ஆம் பதிப்புக்கோ அதற்குப் பின் வந்ததற்கோ வந்துவிடுங்கள். ட்ரீ-சிட்டர் உள்ளேயே வருகிறது, மிக நீண்ட வரிகளைக் கையாள்வதும் தேறியிருக்கிறது.

நீண்ட வரி என்பது தனி நோய். மொத்தமும் ஒரே வரியாகச் சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் மேலே சொன்னதில் பாதி பலிக்காது. விம்மில் 'சின்மேக்ஸ்கால்' இயல்பாக 3000-இல் இருக்கும். 200 ஆக்கினால் அதற்கு அப்பால் வண்ணம் போடாது. அதைவிட, ஒரு ஃபார்மேட்டரில் கொடுத்து வரி வரியாக உடைத்த நகலைத் திறந்து படிப்பது நல்லது.