நாகியோஸ், ஜாபிக்ஸ், புரோமிதியஸ், டேட்டாடாக்: சர்வர் பேச்சை நிறுத்தினால் எது சத்தம் போடும்?

சர்வர் மானிட்டரிங்குக்கு எந்த டூல் நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் டாஷ்போர்டு படங்களைத்தான் வரிசையாக வைத்துக் காட்டுகிறார்கள். கிராஃப் அழகாக இருப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் முக்கிய டேட்டாபேஸ், லாகின் சர்வர் மாதிரி, அது நின்றால் எல்லாமே நின்றுவிடும் என்ற மெஷின்களுக்கு டூல் தேடும்போது நான் முதலில் பார்ப்பது வேறு: அந்த மெஷின் எதையும் அனுப்பாமல் கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தால் இந்த டூல் என்ன முடிவுக்கு வரும்? சிபியு 95 சதவீதம் என்று சொல்ல எல்லா டூலுக்கும் தெரியும். எதுவுமே வராதபோது என்ன செய்வது என்பதில்தான் இந்த நான்கும் நாலு திசையில் போகின்றன.

வயதில் மூத்தது நாகியோஸ். ஈத்தன் கால்ஸ்டாட் 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டது, 2002இல் இந்தப் பெயருக்கு மாறியது. அதன் உலகம் ரொம்ப எளிமையானது. ஒரு சின்ன ப்ளகின் ஓடும், முடியும்போது 0 கொடுத்தால் ஓகே, 1 என்றால் வார்னிங், 2 கிரிட்டிக்கல், 3 அன்னோன். ஷெல் ஸ்கிரிப்ட் தெரிந்த யாரும் பத்து வரியில் புது செக் எழுதிவிடலாம், இந்த வசதியை இன்றுவரை வேறு எதுவும் இவ்வளவு மலிவாகத் தரவில்லை என்பது என் கருத்து. மௌன விஷயத்திலும் இது நேர்மையான ஆள்: சர்வருக்குள் ப்ளகினை ஓட்டிப் பதில் தரும் என்ஆர்பிஈ வழியாகக் கேட்டுவிட்டு 10 நொடி காத்திருக்கும், பதில் வராவிட்டால் கிரிட்டிக்கல் என்று சொல்லிவிடும். நடுவில் இருக்கும் ஸ்விட்ச் போய்விட்டால், பின்னால் உள்ள சர்வர்கள் செத்துவிட்டன என்று தனித்தனியாகக் கத்தாமல், எட்ட முடியவில்லை என்று பிரித்துச் சொல்லவும் தெரியும், பேரன்ட்ஸ் அமைப்பை (எந்த சர்வர் எந்த ஸ்விட்சுக்குப் பின்னால் என்ற விவரத்தை) ஒழுங்காக எழுதியிருந்தால்.

வேகம்தான் பிரச்சினை. கூடவே வரும் மாதிரி கான்ஃபிகில் பொதுவான சர்வீஸ் டெம்ப்ளேட் 10 நிமிடத்துக்கு ஒருமுறை செக் செய்யும், தவறினால் 2 நிமிட இடைவெளியில் மறுபடி, மொத்தம் 3 முறை தவறினால்தான் அலெர்ட் வெளியே போகும். கூட்டிப் பாருங்கள், நேரம் சரியில்லாவிட்டால் 14 நிமிடம். அந்த எண்களை மாற்றாமல் புரொடக்‌ஷனில் ஓடவிடும் இடங்கள் நிறைய. அப்புறம், நேற்று இதே நேரம் எப்படி இருந்தது என்று நாகியோஸின் இலவசப் பதிப்பான கோரைக் கேட்டால் அதனிடம் சொல்ல ஒன்றும் இருக்காது, கிராஃபுக்குத் தனியாக ஏதாவது ஒட்டவைக்க வேண்டும். 2009இல் இதிலிருந்து பிரிந்த ஐசிங்கா கொஞ்சம் நவீனமானது, ஆனாலும் அடிப்படைச் சிந்தனை அதேதான்.

ஜாபிக்ஸ் லாட்வியாவின் அலெக்ஸி விளாடிஷேவ் தொடங்கியது, 2001இல் பொதுவெளிக்கு வந்தது. ஏஜென்ட் (சர்வரில் உட்கார்ந்து அளவீடுகளை எடுத்துத் தரும் சின்ன புரோகிராம்), டேட்டாபேஸ், வெப் முகப்பு, அலெர்ட், டெம்ப்ளேட் எல்லாம் ஒரே பெட்டியில். எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) பேசும் ஸ்விட்ச், யுபிஎஸ், ஸ்டோரேஜ் எல்லாம் இருக்கும் டேட்டா சென்டருக்கு இதைவிடப் பொருத்தமான இலவசக் கருவி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அதன் ட்ரிகர், அதாவது அலெர்ட் எப்போது அடிக்க வேண்டும் என்ற நிபந்தனை, எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்: புது மதிப்பு வந்தால்தான் பெரும்பாலான ட்ரிகர்கள் மறுபடி கணக்கிடப்படும். வராவிட்டால் பழைய நிலையிலேயே இருக்கும். கடைசி எண் நல்லதாக இருந்தால், சர்வர் செத்த பிறகும் அந்த ட்ரிகர் பச்சைதான். இதற்கு, டேட்டா வராமல் நின்றுவிட்டதா என்று பார்க்கும் நோடேட்டா என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஸ்டாண்டர்ட் லினக்ஸ் டெம்ப்ளேட்டில் ஏஜென்ட் கிடைக்கவில்லை என்று எச்சரிக்கும் ட்ரிகரும் இருக்கிறது. சொந்தமாக டெம்ப்ளேட் எழுதுபவர்கள் இதைத்தான் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஜாபிக்ஸின் இன்னொரு தலைவலி டேட்டாபேஸ். ஒவ்வொரு அளவீடும் மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையாகப் போய் உட்காரும், பழையவற்றை ஹவுஸ்கீப்பர் அழித்துக்கொண்டே இருக்கும், ஐட்டங்கள், அதாவது அளக்கும் விஷயங்கள், லட்சத்தைத் தாண்டினால் அந்த அழிப்பு வேலையே டிஸ்கைத் தின்னும். பார்ட்டிஷன் அல்லது டைம்ஸ்கேல்டிபி (போஸ்ட்கிரெஸுக்கான நேரவரிசை டேட்டா நீட்சி) போடாமல் பெரிய அமைப்பை ஓட்ட நினைக்காதீர்கள். பதிலுக்குக் கிடைப்பது நீண்ட நினைவு: மணிக்கு ஒரு மினிமம், சராசரி, மாக்ஸிமம் என்று ட்ரெண்ட்ஸ் இயல்பாகவே 365 நாள் தங்கும். அடுத்த வருடம் எத்தனை டிஸ்க் வாங்க வேண்டும் என்று கேட்கும்போது இதன் மதிப்பு தெரியும். தொலைவில் உள்ள தளத்தில் ஒரு ப்ராக்ஸி வைத்தால், லிங்க் அறுந்தாலும் சேர்த்து வைத்திருந்து பிறகு அனுப்பும்.

இனி புரோமிதியஸ். 2012இல் சவுண்ட்கிளவுடில் தொடங்கியது, கூகுளின் உள் கருவியான போர்க்மானைப் பார்த்து வந்த யோசனை, 2016இல், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸுக்கு அடுத்ததாக, திறந்த மூல கிளவுட் திட்டங்களைப் பேணும் சிஎன்சிஎஃப் அமைப்பு சேர்த்துக்கொண்ட திட்டம். சர்வர் அனுப்பாது, புரோமிதியஸ்தான் போய் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வெற்றி என்றால் 'அப்' என்ற மெட்ரிக் 1, தோல்வி என்றால் 0, எனவே சர்வர் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடுகிறது.

நல்லதுதான், ஆனால் இங்கேதான் நான்கிலும் மோசமான பொறி இருக்கிறது. டிஸ்க் நிறைகிறது என்று ஒரு அலெர்ட் அடித்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். டிஸ்க் முழுதும் நிறைந்து சர்வர் விழுந்துவிட்டது. எடுக்கும் முயற்சி தோற்றதும் அந்த டைம் சீரிஸ் (நேரவாரியாகச் சேர்ந்த எண்களின் வரிசை) காலாவதியாகக் குறிக்கப்படும், அலெர்ட் விதி எதையும் திருப்பித் தராது, எதுவும் திரும்பாவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் புரோமிதியஸ் எடுத்துக்கொள்ளும். ராத்திரி 3 மணிக்கு உங்கள் போனுக்கு வரும் செய்தி: டிஸ்க் பிரச்சினை சரியாகிவிட்டது! பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். 'அப்' 0 ஆனால் கூப்பிடு என்று தனியாக ஒரு விதி கட்டாயம் வேண்டும். அதுவும் போதாது, எந்த மெஷின்களைக் கேட்க வேண்டும் என்று தானாகத் தயாராகும் சர்வீஸ் டிஸ்கவரி பட்டியலிலிருந்தே அந்த மெஷின் காணாமல் போனால் 'அப்' கூட இருக்காது, அதற்கு ஆப்சென்ட் ஃபங்ஷன் வைத்து இன்னொரு விதி. ஜாபிக்ஸ் பழையதை மறக்காமல் ஏமாற்றும், புரோமிதியஸ் சட்டென்று மறந்து ஏமாற்றும்.

இவ்வளவு சொன்னாலும், தினமும் உருவாகி மறையும் கன்டெய்னர்களுக்கு (தனித்தனியாக அடைத்து ஓட்டும் புரோகிராம் பொதிகளுக்கு) நான் புரோமிதியஸைத்தான் எடுப்பேன். சிபியு நேரத்தை அது கவுன்ட்டராக, அதாவது ஏறிக்கொண்டே போகும் மொத்த எண்ணாக, சேகரிக்கிறது, எனவே நடுவில் ஒரு முறை எடுக்கத் தவறினாலும் மொத்தக் கணக்கு தொலைவதில்லை. கடந்த சில மணி நேரப் போக்கை வைத்து டிஸ்க் இன்னும் 4 மணி நேரத்தில் நிறையுமா என்று ஒரே வரியில் கேட்கலாம் (ஜாபிக்ஸிலும் டைம்லெஃப்ட் இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை). மெட்ரிக்கில் ஒட்டும் லேபிளில் யூசர் ஐடி மாதிரி எதையாவது போட்டுவிட்டால் மட்டும், ஒவ்வொரு மதிப்புக்கும் தனி டைம் சீரிஸ் உருவாகி மெமரி வெடிக்கும். இயல்பில் 15 நாள்தான் வைத்துக்கொள்ளும் என்பதால் வருடக் கணக்குக்கு தானோஸ், மிமிர் என்று நீண்டகாலச் சேமிப்புக் கருவிகளை மேலே அடுக்க வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

டேட்டாடாக் காசு கொடுத்து வாங்கும் கிளவுட் சேவை, அதைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. ஏஜென்டைப் போட்டால் 15 நொடிக்கு ஒருமுறை எண்கள் வெளியே போகும், ஃபயர்வாலில் உள்ளே வரும் வழி எதையும் திறக்க வேண்டாம், அரை நாளில் உபயோகமான நிலைக்கு வந்துவிடலாம். டேட்டா வராவிட்டால் அறிவிக்கவா என்று மானிட்டர் அமைக்கும்போதே தேர்வு செய்யலாம், அதைச் சரியாகத் தேர்வு செய்வது உங்கள் பாடு. கட்டணம் ஹோஸ்ட் கணக்கில், கஸ்டம் மெட்ரிக் எல்லை தாண்டினால் தனி. தானாகப் பெருகும் அமைப்பில் பில் உங்கள் டிராஃபிக்கைவிட வேகமாக வளரும்.

எதை எடுத்தாலும், எதை அளக்கிறோம் என்பது தவறானால் பயனில்லை. லோட் ஆவரேஜை (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கையை) வைத்து அலெர்ட் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. லினக்ஸில் அந்த எண்ணில் டிஸ்குக்கோ நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வான என்எஃப்எஸ்ஸுக்கோ காத்துத் தொங்கும் ப்ராசஸ்களும் சேரும், சிபியு சும்மா இருக்கும்போதே லோட் 80 காட்டும். கெர்னல் 4.20இல் வந்த பிஎஸ்ஐ, அதாவது சிபியு, மெமரி, ஐஓ ஆகியவற்றுக்காக வேலை எவ்வளவு நேரம் தடைபட்டது என்ற கணக்கு, இதைவிடப் பல மடங்கு பயனுள்ளது. புரோமிதியஸுக்காக சர்வரில் ஓடும் நோட் எக்ஸ்போர்ட்டர் இதை இயல்பாகவே எடுத்துவிடும், நாகியோஸில் கெர்னல் இந்த எண்களைக் காட்டும் ப்ராக் ஃபைலைப் படிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். இடைவெளியும் முக்கியம், ஒரு நிமிடச் சராசரியில் 5 நொடித் திணறல் காணாமல் போய்விடும். அதைப் பிடிக்க நொடிக்கு நொடி எடுக்கும் நெட்டேட்டாவைப் பக்கத்தில் ஓடவிடுவது நல்ல ஏற்பாடு.

காவலாளியே விழுந்தால்? 2023 மார்ச் 8 அன்று லினக்ஸின் அடிப்படைச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு தானாக நிறுவப்பட்ட ஒரு அப்டேட், நெட்வொர்க் வழிகளை அழித்து, டேட்டாடாக்கின் சேவையைப் பல பகுதிகளில் ஒரே நேரத்தில் முடக்கியது, முழுதாக மீள ஒரு நாளுக்கு மேல் ஆனது. காசு கொடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. புரோமிதியஸ்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் வழி எனக்குப் பிடிக்கும்: எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு போலி அலெர்ட்டை வெளியே உள்ள வேறொரு சேவைக்கு அனுப்புவார்கள், அது நின்றால் அந்தச் சேவை கூப்பிடும். மற்ற மூன்றிலும் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து இதையே செய்துகொள்ளலாம், செய்யவும் வேண்டும்.

சரி, எது? நிலையான மெஷின்களும் நெட்வொர்க் சாதனங்களும் என்றால் ஜாபிக்ஸ். குபர்னெட்டீஸ் என்றால் புரோமிதியஸ், அதில் தயக்கமே வேண்டாம். இருபது சர்வர், பார்த்துக்கொள்ள ஒரே ஆள், கிராஃப் பெரிதாக வேண்டாம் என்றால் ஐசிங்கா போதும். ஆள் இல்லை, பணம் இருக்கிறது என்றால் டேட்டாடாக். எதையும் உறுதி செய்யும் முன் ஒரு சோதனை சர்வரில் ஏஜென்டை மட்டும் நிறுத்துங்கள், அடுத்து நெட்வொர்க்கைத் துண்டியுங்கள், பிறகு டிஸ்க் அலெர்ட் அடிக்கும்போதே மெஷினை அணையுங்கள், கடைசியாக மானிட்டரிங் சர்வரையே அணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் போன் அடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது, அடித்தால் என்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.