தூத்துக்குடி – மாலே தோணிச் சரக்குச் சேவை: ஒரு வெங்காய வியாபாரியின் மதிப்பீடு

திருநெல்வேலி நயினார்குளம் சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள், தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவின் தலைநகரான மாலேவுக்குத் தோணியில் (மரத்தாலான சரக்குக் கலம்) வெங்காயம் அனுப்பி வருகிறோம். இந்தச் சேவையின் உண்மையான தரம் இந்திய, மாலத்தீவு அரசுகள் பிணங்கியிருந்த மாதங்களில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

2023 நவம்பரில் முகமது முய்சு மாலத்தீவு அதிபராகப் பொறுப்பேற்றதும், இந்தியப் படைவீரர்கள் வெளியேற வேண்டும் என்று கோரினார். அங்கிருந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கி, பெரும்பாலும் தீவுகளிலிருந்து நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவர்கள். 1988-இல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடிக்கப் படை அனுப்பிய நாட்டிடம் இப்படிக் கேட்டது இங்கே பலரை வருத்தியது. 2024 ஜனவரியில் அந்நாட்டுத் துணை அமைச்சர்கள் மூவர் நம் பிரதமரை இழிவாக எழுதி இடைநீக்கம் செய்யப்பட்டபோது, சரக்கை அனுப்பலாமா, அனுப்பினால் பணம் வருமா என்ற பேச்சு சந்தையில் பலமாக எழுந்தது.

சரக்குப் போக்குவரத்து நிற்கவில்லை. இரு நாடுகளுக்கும் இடையே 1981 முதல் நடைமுறையில் உள்ள வணிக ஏற்பாட்டின்படி, 2024–25-ஆம் ஆண்டுக்கு 35,749 டன் வெங்காயம், 21,513 டன் உருளைக்கிழங்கு, 42.75 கோடி முட்டை என, அதுவரை இல்லாத அளவுக்கு மாலத்தீவுக்கு ஏற்றுமதி செய்ய இந்தியா 2024 ஏப்ரலில் அனுமதித்தது. அதே மாதத்தில், இப்பொருள்களை மாலத்தீவுக்கு ஏற்றி அனுப்பக்கூடிய இந்திய இடங்களை நான்காகக் குறைத்த அறிவிப்பிலும் தூத்துக்குடி இடம்பெற்றது. வீரர்களில் கடைசிக் குழுவினர் மே 10-க்குள் திரும்பினார்கள். விமானங்களை இயக்க இந்தியாவிலிருந்தே படைசாராத தொழில்நுட்பப் பணியாளர்கள் சென்றார்கள். கோபத்தைப் பாதுகாப்புத் துறையோடு நிறுத்தி, எளிய மக்களின் அடுப்படி வரை கொண்டுபோகாத அந்த நிதானத்தை நான் மனதாரப் போற்றுகிறேன்.

இனிச் சேவையைப் பற்றிச் சொல்கிறேன். கண்டெய்னர் முழுவதையும் நிரப்பும் அளவுக்குச் சரக்கு இல்லாதவர்களுக்குத் தோணிதான் கட்டுப்படியாகும். எங்கள் சரக்கை ஏற்றிய தண்டலும் (தோணியின் தலைவர்) கலாசிகளும் (தோணித் தொழிலாளர்கள்) மூட்டைகளைக் காற்றோட்டம் கிடைக்குமாறு அடுக்கி, கல், சிமெண்டு போன்ற கனமான சரக்கோடு கலக்காமல் பார்த்துக்கொண்டார்கள். முகவர் அலுவலகத்தைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. பதற்றம் மிகுந்த அந்த வாரங்களில் தோணி புறப்பட்டதா என்ற கேள்விக்குக்கூட நேரான பதில் வரவில்லை. அடித்தட்டில் ஈரம் பிடித்த மூட்டைகளுக்கான இழப்பீட்டை நாங்கள் பலமுறை வற்புறுத்திய பிறகே தந்தார்கள். சரக்குக் காப்பீட்டைத் தனியாக எடுத்துக்கொள்வது நல்லது.

வெங்காயம், உருளைக்கிழங்குக்கு இச்சேவையை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்; குளிரூட்டும் வசதி இல்லாததால் கீரையையும் தக்காளியையும் ஏற்ற வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தோணிகள் ஓடாது என்பதால், மாலேவில் உள்ள கடைக்காரர்களிடம் அந்த மாதங்களுக்கான தேவையை முன்கூட்டியே கேட்டு, மே மாதத்துக்குள் அனுப்பி முடிக்க வேண்டும்.