சுவருக்குள் எங்கே ஈரம்? காந்த ஒத்ததிர்வுச் சோதனைச் சேவை குறித்த மதிப்புரை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள பழைய கடைவீடு ஒன்றின் உட்சுவரில் நாங்கள் அடித்த சாயம் ஓராண்டுக்குள் இருமுறை உப்பிக் கழன்று விழுந்தது. இரண்டு முறையும் முள் ஈரமானியைச் சுவரில் குத்திப் பார்த்து, காய்ந்துவிட்டதென உறுதி செய்துகொண்ட பின்னரே வேலையைத் தொடங்கினோம். மூன்றாம் முறையும் அதே பிழையைச் செய்ய மனமில்லாததால், செங்கல், சாந்து போன்ற நுண்துளைப் பொருள்கள் காய்வதைக் காந்த ஒத்ததிர்வால் அளந்து தரும் இங்குள்ள ஒரு சோதனைக்கூடத்திடம் மாதிரிகளைக் கொடுத்தேன்.

மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயங்கும் அடிப்படைதான் இதற்கும். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் 1 டெஸ்லா காந்தப்புலத்தில் 42.58 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணுக்கு இசைகின்றன. இங்கே பயன்படுத்தப்பட்டது ஒரு பக்கம் திறந்த, மேசைமேல் வைக்கக்கூடிய நிலைக்காந்தம். அதன் புலம் சுமார் 0.4 டெஸ்லா என்பதால் அலைவெண் 17 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. காந்தத்திலிருந்து விலக விலகப் புலம் குறைவதால், குறிப்பிட்ட தொலைவிலுள்ள மெல்லிய அடுக்கு மட்டுமே அந்த அலைவெண்ணுக்கு இசைந்து, கருவி பதிவுசெய்யும் குறிப்பலையைத் தரும். காந்தத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் எந்த ஆழத்தில் எவ்வளவு நீர் உள்ளது என்னும் வரைகோடு, மாதிரியை வெட்டாமலேயே கிடைத்துவிடுகிறது. நீர் எத்தனை அளவுள்ள துளையில் இருக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். சிறிய துளையின் உட்புறத்தோடு ஒட்டியிருக்கும் நீரின் குறிப்பலை, பெரிய துளை நீரினதைவிட விரைவில் அடங்கிவிடும்.

நான் கொடுத்தவை செங்கல்மீது சுண்ணாம்புச் சாந்து பூசிய துண்டுகள். பக்கங்களை அடைத்து, மேற்பரப்பை மட்டும் திறந்து வைத்து அளந்தார்கள். எடை பார்க்கும் முறை, மொத்தத்தில் எவ்வளவு நீர் போயிற்று என்பதைச் சொல்லுமே தவிர, மீதி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. வரைகோடுகள் அதைத்தான் காட்டின. பருமணல் கலந்த எங்கள் பூச்சின் துளைகள் செங்கல்லின் துளைகளைவிடப் பெரியவையாக இருந்தன. நுண்ணிய துளைகள் நீரை இழுத்துப் பிடிக்கும் நுண்புழை ஈர்ப்பு சிறிய துளைகளில் வலுவாக இருப்பதால், செங்கல் தன் நீரை விடாமல் பிடித்துக்கொள்ள, பூச்சு முதலில் காய்ந்தது. முள் ஈரமானி தொட்டது அந்தக் காய்ந்த பூச்சை மட்டுமே. பின்னால் செங்கல் நிறைய நீர் இருந்தது. அது ஆவியாகி வெளியேற முயலும்போது நாங்கள் அடித்த அடர்ந்த சாயம் வழியை மறித்தது. இரண்டு முறை நேர்ந்த இழப்புக்கு ஒரே வரைகோட்டில் விளக்கம் கிடைத்தபோது, இந்தக் கட்டணம் வீண்போகவில்லை என்று உணர்ந்தேன்.

குறைகளும் உண்டு. முதல் சுற்றைக் குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில் நடத்திவிட்டார்கள். சிங்கப்பூரில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், அந்த வேகத்தில் எந்தச் சுவரும் இங்கே காயாது. நான் எடுத்துச் சொன்ன பின்னரே ஈரக் காற்றில் மீண்டும் அளந்தார்கள். அறிக்கையில் வண்ணப் படங்கள் மட்டும் இருந்தன, மூல எண்களைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. கருவி ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் பார்க்காது என்பதால், முழுச் சுவரைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது. உப்பையும் அது அளப்பதில்லை. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனியே அமைத்த கருவியில் செங்கல்லிலுள்ள நீரையும் உப்பின் சோடியத்தையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். அத்தகைய வசதி இங்கே கிடைத்தால், உப்புப் பூத்த சுவர்களோடு போராடும் எங்களைப் போன்றோருக்குப் பேருதவியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்ட வேண்டும். செங்கல்லில் உள்ள இரும்பு குறிப்பலையை விரைவாக அடக்கிவிடும் என்பதையும், அதனால் செங்கல் பகுதியின் ஈரம் குறைவாகத் தோன்றும் என்பதையும் நான் கேட்பதற்கு முன்பே எடுத்துரைத்து, நீர் நிறைந்த செங்கல்லைத் தனியே எடைபோட்டு அளவைச் சரிசெய்தார்கள்.

சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களில் பூசப்பட்ட மதராஸ் சுண்ணம் என்னும் பழைய சாந்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவை சேர்ந்தன என்பர். அந்தக் கலவையின் துளைகள் எத்தகையவை என்று இந்தக் கருவியில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இப்போதைக்கு, செங்கல்லைவிட நுண்ணிய துளைகள் கொண்ட சாந்தைக் குழைத்து இரண்டாம் தொகுதி மாதிரிகளை அனுப்பியுள்ளேன். அப்படிப்பட்ட பூச்சு செங்கல்லின் நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டு கடைசியாகக் காயும் என்பதால், அதன் மேற்பரப்பு காய்ந்தால் உள்ளேயும் காய்ந்துவிட்டதென நம்பலாம். முடிவு வரும்வரை கடைவீட்டுச் சுவருக்குச் சாயம் அடிக்க வேண்டாமென உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் இசைந்துவிட்டார்.