ஃபைபர் கிளாஸில் துளையிடுதல்: நான்கு வருட அனுபவம்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தண்ணீர்த் தொட்டி பொருத்துவதும், கூரையில் வெளிச்சத் தகடு மாற்றுவதும் என் தொழில். இரண்டுமே ஃபைபர் கிளாஸ், அதாவது கண்ணாடி இழை அடுக்குகளை ரெசின் என்ற பிசினால் இறுக்கிய பொருள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் போல் தவறு செய்து கற்கவேண்டாம் என்றே எழுதுகிறேன்.

முதல் வருடம் இரும்புக்குப் போடும் எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டிரில் பிட்டையே நம்பியிருந்தேன். புதிதில் நன்றாக வெட்டும். ஆனால் உள்ளே இருப்பது கண்ணாடி இழை. சாணைக்கல் போல விளிம்பைத் தின்றுவிடும். எனக்கு முப்பது துளைகளைத் தாண்டி ஒரு பிட்டும் ஒழுங்காக உழைக்கவில்லை. மழுங்கியதைத் தூளிலேயே கண்டுகொள்ளலாம்: மாவாகக் கொட்டியது பஞ்சாக வரும், ரெசின் கருகும் வாடை அடிக்கும். அதற்குப் பிறகும் அழுத்தினால் துளை கெட்டுவிடும்.

அப்படி அழுத்திய ஒரு துளை இன்றும் மனதை உறுத்துகிறது. எட்டு வீட்டு லயத்துக்கான (வரிசை வீட்டுக் குடியிருப்புக்கான) தொட்டி. பல் வைத்த ஹோல் சோவால் (வட்டமாக வெட்டும் குழல் வாளால்) வெளியிலிருந்து துளைத்தேன். வெளிப்புறம் அச்சு வார்த்தது போல இருந்தது. வைகாசி மழையில் அந்த லயத்து அம்மா ஒருவர் சொன்னார்: “தம்பி, குளிருக்குத் தொட்டி வேர்க்கிறது என்றிருந்தோம். இது ஒழுக்கு.” தண்ணீரை இறக்கிவிட்டு உள்ளே விரலால் தடவினேன். துளையைச் சுற்றி வெங்காயச் சருகு போல அடுக்கு பெயர்ந்து நின்றது. பிட் வெளியேறும் பக்கத்துக் கடைசி அடுக்குக்குப் பின்னால் தாங்கல் இல்லை. அதனால் அது வெட்டுப்படாமல் தள்ளுப்பட்டிருக்கிறது. அந்த இடுக்கில் இழை வழியே தண்ணீர் ஊறியிருக்கிறது. சரிசெய்ய இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளும் விடியற்காலையில் பெண்கள் குடத்தோடு பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) இறங்கினார்கள்.

அன்றிலிருந்து பின்பக்கம் பலகை வைக்காமல் துளைப்பதில்லை. தொட்டிக்குள் என்றால் பலகையை எதிர்ச்சுவரிலிருந்து முட்டுக்கம்பு கொடுத்து நிறுத்துகிறேன். கையால் பிடிப்பது ஆபத்து. பெரிய துளை என்றால் நடுவில் சிறு துளை போட்டு, இரு பக்கமிருந்தும் பாதிப் பாதியாக வெட்டுகிறேன்.

இரண்டாவது வருடம் முழுக்கக் கார்பைட் என்ற மிகக் கடினமான பொருளால் ஆன பிட் வாங்கினேன். விலை அதிகம், ஆனாலும் கொடுத்த பணத்துக்கு மேலாகவே உழைத்தது. வேகத்தை முழுதாக வைத்து மெதுவாக இறக்கவேண்டும். முனை வெளியேறும் தறுவாயில் இன்னும் மெதுவாக. ஒரே குறை, கண்ணாடி போல ஒடிந்துவிடும். கூரையில் கால் சற்று வழுக்கியது, கருவி சாய்ந்தது, 6 மில்லிமீட்டர் பிட் இரண்டு துண்டானது. கூரைக்கு இப்போது எஃகுத் தண்டின் முனையில் மட்டும் கார்பைட் பற்றவைத்ததையே எடுத்துப்போகிறேன். சுவர் துளைக்கும் பிட் வேண்டாம். அதன் முனை கல்லை நொறுக்குவதற்கானது. கருவியின் சுத்தியல் இயக்கத்தையும் அணைத்துவிடுங்கள்.

தொட்டிகளுக்கு நான் மனதாரப் பரிந்துரைப்பது வைரத்துகள் பதித்த ஹோல் சோ. பல் இல்லாததால் இழையைக் கொக்கி போட்டு இழுக்காது. தண்ணீர் தெளித்தபடி வெட்டினால் தூளும் அடங்கும். இதற்கு பேட்டரிக் கருவிதான் பாதுகாப்பு. ரெசின் அப்பி வேகம் குறைந்தால் செங்கல்லில் கொஞ்சம் ஓட்டினால் போதும்.

வெளிச்சத் தகட்டில் துளை நல்லதா என்பதை வானத்துக்கு எதிரே பிடித்தே பார்த்துவிடலாம். துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. நான் அலை மேட்டிலேயே துளைக்கிறேன், திருகாணியை விடச் சற்றுப் பெரிதாக. பகல் வெயிலில் தகடு விரிய இடம் வேண்டும்.

முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். அரிப்பு ஒரு நாளில் போய்விடும்; நுரையீரலுக்குள் போகும் தூளுக்குத்தான் பயப்படவேண்டும்.

வெட்டிய விளிம்பில் கடைசியாக ரெசின் பூசவேண்டும். தை மாதத்துக் காலைக் குளிரில் அது இறுகவே மாட்டேன் என்கிறது. அதனால் வெயில் ஏறிய பிறகே பூசுகிறேன். விரலில் ஒட்டாமல் நன்றாக இறுகும் வரை, யார் அவசரப்படுத்தினாலும் தொட்டிக்குத் தண்ணீர் திறப்பதில்லை.