குழுச் செயல்திட்டத்தில் சண்டை: தீர்ப்பா, லீடரா, பேச்சா?

ஏழாம் வகுப்புக்கு கே.ஆர்.பி. அணையின் (தென்பெண்ணை ஆற்றில் உள்ள கிருஷ்ணகிரி அணை) மாதிரி செய்யக் கொடுத்தால், சண்டை எங்கே வெடிக்கும் என்று முன்பே தெரியும். தெர்மாகோல் வெட்ட ஒரே கட்டர். அதற்கு நாலு கை நீளும். தென்பெண்ணை பற்றி ஒரு பக்கம் எழுத ஒரு கையும் நீளாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பள்ளிகளில் இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது ஆசிரியர் தீர்ப்பு. "கட்டரை அவகிட்ட கொடு, நீ போய் எழுது." ஒரு நிமிஷத்தில் வேலை முடியும். 40 நிமிஷப் பீரியடில் அது பெரிய லாபம்தான். ஆனால் ஆசிரியர் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாவது அடி. முதலில் சீண்டியவன் தப்பிக்க, திருப்பிக் கொடுத்தவன் மாட்டுவான். அதோடு, "மிஸ், இவனப் பாருங்க" என்று சின்ன உரசலும் மேசைக்கு வரத் தொடங்கும்.

இரண்டாவது, லீடரிடம் விடுவது. இருப்பதில் இதுதான் பலவீனமானது. முதல் ரேங்க் பிள்ளையை லீடராக்கினால், சண்டைக்குப் பயந்து மொத்த வேலையையும் வீட்டில் அதுவே செய்துகொண்டு வந்துவிடும். மற்றவர்களுக்குச் சார்ட்டில் பேர் மட்டும். லீடர் வேண்டுமென்றால் வாரம் ஒருவரை மாற்றுங்கள். பொருள் பொறுப்பு, நேரப் பொறுப்பு இரண்டையும் வேறு ஆட்களிடம் கொடுங்கள்.

மூன்றாவது, சண்டை போட்ட இருவரையும் பேச வைப்பது. முதலில் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும். கட்டரைப் பிடித்தபடி யாரும் சமாதானம் பேச முடியாது. ஆளுக்கு ஒரு நிமிஷம். "நீ எப்பவுமே" என்று ஆரம்பிக்கக் கூடாது, "எனக்கு" என்று ஆரம்பிக்க வேண்டும். கேட்டவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சலிப்பாகத் தெரிந்தாலும் இந்தப் படியைத் தாண்டவே கூடாது, பாதிச் சண்டை இங்கேயே கரையும். பிறகு இருவரும் தாங்கள் செய்யப்போகும் ஒரு வேலையைச் சொல்லி சார்ட்டின் பின்பக்கம் எழுதுவார்கள். அடுத்த பீரியடில் ஆசிரியர் அதைப் பார்க்க வேண்டும். முதல் சில தடவை ஏழெட்டு நிமிஷம் ஓடும். சண்டையில்லாத நாளில் நடித்துப் பழக்காவிட்டால், கோபத்தில் ஒரு படியும் நினைவுக்கு வராது.

இதிலும் ஓட்டை உண்டு. வாய்த்துடுக்கான பிள்ளை ஜெயிக்கும்; அமைதியான பிள்ளை "சரி மிஸ்" என்று ஒதுங்கும். ஓசூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை தமிழில் கோபத்தைச் சொல்லத் திணறும். வீட்டு மொழியிலேயே பேசட்டும், அந்த மொழி தெரிந்த தோழி தமிழில் எடுத்துச் சொல்லட்டும். "ஸாரி சொல்லு" என்று வற்புறுத்தினால் எல்லாம் வீண்.

ஆக, பேச்சுக்குத்தான் எங்கள் ஓட்டு, ஆனால் வேலைப் பங்கீடு முதல் நாளே தாளில் இருக்க வேண்டும். 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் தொடங்கிய ஜிக்சா முறையின் சூட்சுமம் இங்கே உதவும்: ஆளுக்கு ஒரு துண்டு, எது குறைந்தாலும் முழுசு நிற்காது. ஆறு, அணைச்சுவர், கால்வாய், பாசனப் பயிர் என்று நாலு துண்டு, நாலு பேர். ஆறு பேரைச் சேர்த்தால் இருவர் வேலையில்லாமல் வம்பு வளர்ப்பார்கள். கட்டர் ஆளுக்குப் பத்து நிமிஷம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

சாதியையோ உடம்பையோ சொல்லிக் கேலி, தொடர்ந்து ஒரே பிள்ளையை மிரட்டுவது, அடி: இவற்றுக்குப் பேச்சு மேசை கிடையாது. அங்கே இரு தரப்பும் சமம் இல்லை. ஆசிரியர் உடனே நிறுத்தி, பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தனியாகக் கேட்டு, தலைமை ஆசிரியருக்குச் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளைகளுக்குத் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள்.

மதிப்பெண்ணிலும் கவனம் தேவை. குழுவுக்கே ஒரே மார்க் என்றால், உழைத்தவருக்கு எரிச்சல், சும்மா இருந்தவருக்குக் கொண்டாட்டம். பாதி குழுவுக்கு, பாதி அவரவர் துண்டுக்கு என்று பிரித்து, அதைச் சார்ட் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.