அப்பல்லோ நில அதிர்வுமானிகள்: ஒரு மதிப்பீடு

அப்பல்லோ 12, 14, 15, 16 பயணங்களில் நிலாவில் நிறுவப்பட்ட நான்கு நில அதிர்வுமானிகளின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சூரியத் தகடுகளை நம்பிய அப்பல்லோ 11 கருவி சில வாரங்களிலேயே ஓய்ந்துபோக, புளூட்டோனிய வெப்பத்திலிருந்து மின்சாரம் பெற்ற இவை, இரண்டு வாரம் நீளும் நிலா இரவிலும் உறங்காமல், 1977 செப்டம்பர் 30 அன்று அணைக்கப்படும்வரை தரவு அனுப்பின.

நுண்ணுணர்வு இவற்றின் பெரும்பலம். ஒரு நானோமீட்டருக்கும் குறைவான அசைவைக்கூட உணர்ந்தன. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 வீரர்கள் நிலாத் தரையிலிருந்து மேலேறப் பயன்படுத்திக் கழற்றிவிட்ட ஏறுகலம் தரையில் மோதியபோது, அதிர்வு சில நிமிடங்கள் கழித்தே உச்சத்தைத் தொட்டது. அடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. நிலாவின் மேலோட்டில் அதிர்வை விழுங்கும் ஈரம் இல்லை. விண்கற்கள் இடித்து நொறுக்கிய அந்தப் பாறைகளுக்குள் அலைகள் சிதறிச் சிதறி நெடுநேரம் உலவுகின்றன.

பதிவான பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளில் ஏறத்தாழ 7,000, தரைக்கு 700 முதல் 1,200 கி.மீ. கீழே பிறந்தவை. இவை ஒரே இடங்களில், நிலா பூமியைச் சுற்றிவர எடுக்கும் சுமார் 27 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்ததால், பூமியின் ஈர்ப்பு இழுவைக்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பு ஐயமின்றித் தெரிந்தது. இந்தக் கண்டுபிடிப்பு ஒன்றே கருவிகளுக்கு ஆன செலவை நியாயப்படுத்தும் என்பேன். விண்கல் மோதல்களும், பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறும்போது எழும் சிறு அதிர்வுகளும் தனித்தனியே இனம் காணப்பட்டன.

குறை, கருவிகள் வைக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது. நான்குமே பூமியை நோக்கிய பக்கத்தில். அவற்றிலும் 12, 14 இரண்டுக்கும் இடையே சுமார் 180 கி.மீ. தூரமே என்பதால், நடைமுறையில் மூன்று நிலையங்கள் என்றே கொள்ளலாம். அதிர்வின் மையத்தைக் கணிக்க உதவும் அலைத் தொடக்கமும், சிதறலால் மங்கலாகவே பதிவாகும். வலிமையில் முதலிடம் பெறும், ஆழம் குறைந்த 28 நடுக்கங்களின் மையங்களைத் துல்லியமாகக் குறிக்க முடியாமல் போனது இதனால்தான். உள்ளே குளிர்ந்து சுருங்கும் நிலாவின் மேலோட்டில் உண்டான பிளவுகளே அவற்றுக்குக் காரணம் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு வலுவாக வாதிட்டாலும், எட்டு நடுக்கங்களை மட்டுமே அத்தகைய பிளவுகளுக்கு 30 கி.மீ. அருகில் காட்ட முடிந்தது.

2023இல் சந்திரயான்-3 கொண்டுசென்ற இல்சா என்ற நில அதிர்வுமானி தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் அதிர்வுகளைப் பதிந்தது பாராட்டத்தக்கது. ஆனால் அது இரண்டு வாரத்துக்கும் குறைவாகவே இயங்கியதால், அப்பல்லோ தொகுப்புக்கு மாற்றாகாது. மறுபக்கத்தின் ஷ்ரோடிங்கர் படுகையில் நாசா வைக்கத் திட்டமிட்டுள்ள அதிர்வுமானி பழைய குறையை ஓரளவு தீர்க்கக்கூடும். ஒற்றை நிலையம் என்பதால் முழுமையாகத் தீர்க்காது.