கம்பமா, நந்தி மலையா, நாசிக்கா? மதுரைக்காரர்களுக்கு ஒரு திராட்சைத் தோட்ட அலசல்

மதுரையிலிருந்து "ஒயின் டூர் போகணும்" என்று யாராவது ஆரம்பித்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தோட்டம் பார்க்கவா, ஒயின் குடிக்கவா? இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்ற நினைப்பில்தான் பலரும் கிளம்புகிறார்கள். நம் பக்கத்து நிலவரம் வேறு. தலைக்கு மேல் கொத்துக்கொத்தாகத் திராட்சை தொங்குகிற இடத்தில் ஒரு சொட்டு ஒயின் கிடையாது. நல்ல ஒயின் ஊற்றித் தருகிற இடத்தில், வருடத்தில் பல மாதங்களுக்குக் கொடியில் ஒரு பழம்கூட இருக்காது.

முதலில் கம்பம். ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டி மூன்று மணி நேரச் சொச்சத்தில் இறங்கிவிடலாம். ரயில்தான் வேண்டுமென்றால் தேனி வரைக்கும் 2022-லிருந்து அகலப்பாதை ஓடுகிறது, மீதிக்கு பஸ்தான். உத்தமபாளையம் தாண்டியதும் இரண்டு பக்கமும் பந்தல்கள் தெரிய ஆரம்பிக்கும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர் என்று ஊருக்கு ஊர் தோட்டம். கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். உள்ளே நுழைந்தால் வெயில் வெளியே நின்றுவிடும். பழமெல்லாம் முகத்துக்கு நேராகத் தொங்கும். குனிந்துதான் நடக்க வேண்டும். உயரமானவர்களுக்கு இடுப்பு வலி நிச்சயம்.

இங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. தோட்டக்கலைப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். தமிழ்நாட்டில் திராட்சை விளையும் பரப்பில் ஏறக்குறைய 85 சதவீதம் இந்த ரகம்தான். கம்பம் பள்ளத்தாக்குக்கு இது வந்தது 1832-இல், ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் என்பது புவிசார் குறியீட்டுக்காகச் சொல்லப்பட்ட வரலாறு. அந்தக் குறியீடு 2023-இல் கிடைத்தது. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. விதையில்லாத பச்சைத் திராட்சை வேண்டுமென்றால் ஓடைப்பட்டிப் பக்கம் திரும்ப வேண்டும்.

கம்பத்தின் பெரிய பலம் மாதக் கணக்கு பார்க்க வேண்டாம் என்பது. இந்த வெப்பத்தில் திராட்சைக் கொடி தூங்குவதே இல்லை. கவாத்து பண்ணினால், அதாவது கிளையை வெட்டிவிட்டால், துளிர்க்கும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. இரண்டு வருடத்தில் ஐந்து போகம் எடுக்கலாம். ஒவ்வொரு விவசாயியும் ஒவ்வொரு நேரத்தில் கவாத்து பண்ணுவதால், எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு தோட்டத்தில் பழம் நிற்கும். இந்த வசதி நாசிக்கில் கிடையாது, நந்தி மலையிலும் கிடையாது. ஒரே விதிவிலக்கு, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் பழம் வெடித்துவிடும். அந்தச் சமயத்தில் விவசாயியிடம் போய் "செல்பி எடுத்துக்கலாமாண்ணே" என்று கேட்காதீர்கள்.

கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் சாலையோரத் தோட்டங்களில் ஆட்களை உள்ளே விடுகிறார்கள். தேக்கடிக்கு வரும் மலையாளிகள் கூட்டம்தான் அதிகம். சில தோட்டங்களில் சின்னதாக நுழைவுக் கட்டணம், வாசலில் திராட்சை ஜூஸ், எடை போட்டுப் பழம். பிள்ளைகள் பழத்தைப் பறித்து அப்படியே வாயில் போட விடாதீர்கள். சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் மருந்து அடித்துக்கொண்டே இருக்கும் பயிர் இது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இங்கே எல்லா விவசாயிக்கும் தெரியும். உலகப் புகழ்பெற்ற ஒயின் பூமியான போர்டோவிலிருந்து கம்பத்துக்கு வந்து சேர்ந்தது அந்த மருந்து மட்டும்தான்.

அப்படியானால் இங்கே தோட்டத்தில் ஏன் ஒயின் கிடைப்பதில்லை? "பன்னீர்ல ஒயின் வராதுங்க" என்று ஒரு சமாதானம் உலவுகிறது. அது சரியில்லை. இதே ரகத்தை வைத்துத்தான் சீனாவின் தியான்ஜின் பக்கம் பல வருடங்களாக ஒயின் போட்டார்கள். கலிபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்ற பெயரில் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கும் இனிப்பு ஒயின் ஆகிறது. அந்தப் பழத்தின் ரோஜா வாசனைக்குக் காரணம் ஜெரானியால் போன்ற சில வாசனைப் பொருள்கள். ரோஜாவிலும் அதே பொருள் இருக்கிறது. துவர்ப்பும் புளிப்புமாக நிற்கிற கனமான சிவப்பு ஒயினை இதில் எதிர்பார்க்க முடியாது. இனிப்பு ஒயினுக்கு இது அருமையான பழம் என்பது என் அபிப்பிராயம்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது; உரிமமில்லாமல் ஒரு பாட்டில் புளிக்க வைத்தாலும் குற்றம். சில்லறை விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். தோட்டத்திலேயே ஒரு மேசை போட்டு நாலு கிண்ணம் ஊற்றிக் கொடுக்கிற ஏற்பாட்டுக்கு இதில் இடமே இல்லை. தேனி மாவட்டத்தில் ஒயின் ஆலை வேண்டும் என்பது விவசாயிகளின் பழைய கோரிக்கை. விலை விழுந்து பழத்தைக் கொடியிலேயே விடுகிற சீசனிலெல்லாம் அந்தக் கோரிக்கை மறுபடி எழும், பிறகு அடங்கும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், உயரமும் ஒரு காரணம்தான். கம்பம் சுமார் 400 மீட்டர் உயரம். முல்லைப்பெரியாறு தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு. ராத்திரியும் கதகதப்பு. காய் பழுக்கும்போது இரவு குளிர்ந்தால்தான் புளிப்பு தங்கும். புளிப்பு இல்லாத ஒயின் சப்பென்று இருக்கும். அதனால்தான் வெப்ப நாடுகளில் ஒயினுக்காக மேட்டு நிலம் தேடுகிறார்கள். அப்படியானால் கொடைக்கானலில் போடலாமே என்று தோன்றும். 2,100 மீட்டர், குளிருக்குக் குறைவில்லை. ஆனால் மழையும் பனிமூட்டமும் விட்டு வைக்காது. பூஞ்சை பிடித்துக் கொடி அழுகும். திராட்சைக்குக் குளிர்ந்த இரவோடு காய்ந்த பகலும் வேண்டும்.

மலை ஊர்களில் "ஹோம்மேட் ஒயின் இருக்கு சார்" என்று காதோடு சொல்லி விற்பவர்களைப் பற்றி ஒரே வரி: லேபிள் இல்லாத பாட்டில், சட்ட விரோதம், பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன்.

அடுத்தது நந்தி மலை அடிவாரம். மதுரைக்காரர்களுக்கு, குடிப்பதுதான் நோக்கம் என்றால், என் ஓட்டு இதற்கே. தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் பெங்களூரு. 2024 ஆகஸ்டிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது, விடியற்காலையில் கிளம்பி மதியம் இறக்கிவிடும். அங்கிருந்து, தோட்டம் இருக்கிற தொட்டபள்ளாபூர் சுமார் 40 கிலோமீட்டர். பெங்களூருவைப் போலவே கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் சொச்சம். நம் மதுரை உடம்புக்கு ராத்திரியில் ஸ்வெட்டர் கேட்கும்.

இங்கே குரோவர் குடும்பம் 1988-இல் ஆரம்பித்த நிறுவனம், இப்போது குரோவர் ஜம்பா. போர்டோவின் ஒயின் நிபுணர் மிஷேல் ரோலாந் இவர்களுக்கு ஆலோசகராக இருந்தார். கபர்னே சோவிஞ்யோன், ஷிராஸ், வியோனியே என்ற ஒயின் திராட்சை ரகங்கள் எல்லாம் விளைகின்றன. முதலில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். பிறகு ஸ்டீல் தொட்டிகள், ஓக் பீப்பாய்கள் அடுக்கிய குளிர்ந்த அறை. கடைசியில் உட்கார வைத்துச் சீஸ் துண்டுகளோடு சில ஒயின்களை ஒவ்வொன்றாக ஊற்றுவார்கள். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சனி, ஞாயிறு பெங்களூரு ஐடி கூட்டம் நிறைந்துவிடும்.

தோட்டத்தைப் பார்த்து ஏமாறத் தயாராகப் போங்கள். பந்தல் கிடையாது. நெஞ்சு உயரத்துக்குக் கம்பி வேலி கட்டியது போல வரிசை வரிசையாகக் கொடி, நடுவில் கொளுத்தும் வெயில். பிப்ரவரி, மார்ச் வாக்கில் போனால் பழம் இருக்கும். அதுவும் சின்னச் சின்னதாக, கொட்டை பெரிதாக. கவாத்து முடிந்த மாதங்களில் வெறும் குச்சிதான். கம்பத்தைப் பார்த்த கண்ணுக்கு "இதுக்கா டிக்கெட்?" என்று இருக்கும். கொத்தைக் குறைத்து விட்டால்தான் இருக்கிற பழத்தில் சாரம் இறங்கும் என்று வழிகாட்டி விளக்குவார். நியாயம்தான், ஆனால் கூட வந்த பெரியம்மாவுக்கு அந்த நியாயம் ஏறாது.

சுவைக்கும் கூடத்தில்தான் கணக்கு மாறும். இதுவரை டாஸ்மாக்கில் வாங்கிய இனிப்புப் போர்ட் ஒயினைத்தான் ஒயின் என்று நினைத்தவர்கள், இவர்களுடைய லா ரிசர்வ் சிவப்பு ஒயினை ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். நாக்கு கூசுகிற அந்தத் துவர்ப்பு, நெல்லிக்காய் தின்று வளர்ந்த நமக்குப் புதிதில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் வருவதுதான் புதிது. அவசரப்படாமல் கிண்ணத்தைச் சுழற்றி, முகர்ந்து, கொஞ்சமாக வாயில் வைத்துப் புரட்டினால் அடுத்தடுத்து விஷயம் பிடிபடும். துப்புவதற்குக் குவளை வைத்திருப்பார்கள். துப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முழுங்குவதாக இருந்தால் வண்டி ஓட்ட வேறு ஆள் வேண்டும்.

இன்னொன்று: பாட்டில்களை வாங்கி மூட்டை கட்ட நினைக்காதீர்கள். மாநில எல்லை தாண்டி மது கொண்டுவருவதற்குக் கலால் விதிகள் உண்டு. ஓசூர்ச் சோதனையில் மாட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது நல்ல விடுமுறை இல்லை.

நாசிக் மூன்றாவது. ஒயின் சுற்றுலாவுக்காகவே ஒரு ஊர் தன்னை மாற்றிக்கொண்டது என்றால் இந்தியாவில் அது நாசிக்தான். அமெரிக்காவில் வேலையை விட்டு வந்த ராஜீவ் சாமந்த் 1999-இல் சுலா ஒயின் நிறுவனத்தை ஆரம்பித்தார். 2005-இல் சுவைக்கூடம் திறந்தார்கள். இன்றைக்குக் கங்காபூர் அணைப் பக்கம் தங்கும் விடுதி, உணவகம், மாலையில் தோட்டத்தைப் பார்த்தபடி மொட்டை மாடி என்று எல்லாம் இருக்கிறது. உயரம் 600 மீட்டர்தான். ஆனால் நம்மைவிட மிகவும் வடக்கே இருப்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகள் நன்றாகக் குளிரும். வருடத்துக்கு இரண்டு கவாத்து செய்து ஒரே ஒரு அறுவடை, ஜனவரி முதல் மார்ச் வரை. அந்த மூன்று மாதம் போனால் உண்டு, இல்லாவிட்டால் நந்தி மலைக் கதைதான்.

ஒயினின் தரத்தில் நாசிக்குக்கும் நந்திக்கும் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது என்பதுதான் நாசிக்கின் லாபம். சுலாவின் ஷெனின் பிளாங்க் வெள்ளை ஒயின் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது: லேசான இனிப்பு, நல்ல புளிப்பு. நம் ஊர்ச் சுக்கா வறுவலோடு இதுதான் ஒத்துப்போகும். துவர்க்கும் சிவப்பு ஒயினை மிளகாய்க் காரத்தோடு சேர்த்தால் இரண்டும் சேர்ந்து நாக்கைப் பொசுக்கும்.

தூரம்தான் நாசிக்கின் குறை. மும்பை போய், அங்கிருந்து 170 கிலோமீட்டர். ஒயினுக்காக மட்டும் மதுரையிலிருந்து அவ்வளவு தூரம் போவது எனக்கு அதிகமாகவே படுகிறது. ஆனால் ஷீரடி, திரியம்பகேஸ்வரர், பஞ்சவடி என்று குடும்பமாகப் போகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தப் பயணத்தில் ஒரு மாலையைத் திருடிக்கொள்ளலாம். சாமி முடிந்த பிறகா முன்னாலா என்பது அவரவர் வீட்டு வழக்கம்.

திருச்சியிலிருந்து ஹோசிமின் நகருக்கு 2023-இல் நேரடி விமானம் ஆரம்பித்ததிலிருந்து, வியட்நாம் போய் வந்தவர்கள் "தலாத் ஒயின் குடிச்சீங்களா?" என்று கேட்கிறார்கள். தலாத் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய மலைவாசஸ்தலம், 1,500 மீட்டர். பாட்டிலில் தலாத் என்று இருந்தாலும் பழத்தில் பெரும்பகுதி வருவது கீழே கடலோரத்து நின் துவான் பகுதியிலிருந்து. கொடைக்கானல் லேபிள் ஒட்டிக் கம்பத்துப் பழத்தில் போட்டது போலத்தான். மல்பெரிச் சாறும் சேர்ப்பதுண்டு. குளிருக்கு இதமாக ஒரு கிண்ணம் குடிக்கலாம். தோட்டம் தேடித் தலாத் மலை ஏறாதீர்கள். அந்தத் திராட்சைப் பூமியான பான் ராங்கில், பழைய சம்பா நாட்டின் சாம் மன்னர்கள் கட்டிய சிவன் கோயில் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு ஒயினைவிட அது பிடிக்கக்கூடும்.

ஆக, யாரோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். அம்மா, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த அத்தை என்றால் யோசிக்காமல் கம்பம். காலையில் கிளம்பி, பந்தலுக்குள் ஒரு மணி நேரம், சுருளி அருவியில் தண்ணீர் இருந்தால் ஒரு குளியல், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. இரண்டு மூன்று நண்பர்கள் அல்லது புருஷன் பெண்டாட்டி மட்டும் என்றால் நந்தி. சுவைப்பதை மதியத்துக்கு வைத்துக்கொண்டு, நந்தி மலை மேலிருக்கும் கோட்டையை மறுநாள் விடியலுக்கு ஒதுக்குங்கள். ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் இரண்டும் கெடும். இவ்வளவும் வேண்டாம், சும்மா திராட்சை வாங்க வேண்டும் என்பவர்கள் திண்டுக்கல் சாலையில் கொடைரோடு வரை போனால் போதும். சாலையோரக் கூடையில் பன்னீர் திராட்சை இருக்கும். மேலே இருக்கும் கொத்தைப் பார்த்து மயங்காமல் அடியில் இருப்பதையும் கிளறிப் பார்த்து வாங்குங்கள்.